ஹம்மிங், கரகரப்பு, சூடு: வீட்டில் கட்டிய பாஸ்–ட்ரெபிள் ஆம்ப்பில் பழுது பார்ப்பது

ஆம்ப் பாடவில்லை என்றதும் முதலில் கழற்றப்படுவது ஐசிதான். விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, மாற்றிவிட்டால் ஏதோ செய்த திருப்தியும் வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் கட்டிய செட்டில் பழுது பெரும்பாலும் வயரிலோ, தரை (கிரவுண்ட்) இணைப்பிலோ, இடம் மாறிய கண்டென்சரிலோ உட்கார்ந்திருக்கும். புது ஐசியும் அதே இடத்தில் அதே போலத்தான் சாகும்.

முன்பக்கம் பாஸ், ட்ரெபிள், வால்யூம் என்று மூன்று குமிழ்கள் இருக்கின்றன. மீட்டரை எடுப்பதற்கு முன் அவற்றைத் திருகிப் பாருங்கள். வேண்டாத சத்தம் எந்தக் குமிழுக்கு அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று கவனித்தாலே பழுது எந்தப் போர்டில் என்பது பாதி தெரிந்துவிடும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான்.

நான் மனதில் வைத்திருப்பது கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ பாகம் வாங்கிக் கட்டும் வழக்கமான செட். 12-0-12 (நடு வயரின் இரு பக்கமும் 12 வோல்ட் வரும்) மூன்று ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, பிளஸுக்கு ஒன்றும் மைனஸுக்கு ஒன்றுமாக 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 7812 (பிளஸ் 12 வோல்ட்), 7912 (மைனஸ் 12 வோல்ட்) ரெகுலேட்டர்கள் வழியாகச் சப்ளை வாங்கும், 4558 ஐசி வைத்த டோன் போர்டு (பாஸும் ட்ரெபிளும் இதில்தான்), அதன் பிறகு வால்யூம், கடைசியில் சேனலுக்கு ஒன்றாக, ஸ்பீக்கரை ஓட்டும் டிடிஏ2030 ஐசி வைத்த பவர் போர்டு. சில போர்டுகளில் வால்யூம் டோனுக்கு முன்னால் இருக்கும். அப்படியானால், ‘வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள்’ என்று நான் சொல்லும் இடத்தில் பவர் போர்டின் இன்புட்டைத் தரையோடு ஷார்ட் செய்து அதே சோதனையைச் செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சீரிஸ் பல்பு கட்டிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மருக்குப் போகும் ஃபேஸ் வயரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொடராக வர வேண்டும். எல்.இ.டி. பல்பு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். மழை ஈரம் ஏறிய சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து மெயின்ஸ் பக்கம் கை வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் கால்களில் சில நொடி வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

பல்பு முழுதாக எரிகிறது, அல்லது பியூஸ் போகிறது

டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் வயர்கள் மூன்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். அப்போதும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்பார்மரே போய்விட்டது. மங்கிவிட்டால் டயோடு, கண்டென்சர் என்று ஒவ்வொன்றாக முன்னே நகருங்கள்.

இங்கே அடிக்கடி மாட்டுவது மைனஸ் பக்கக் கண்டென்சர். அதன் பிளஸ் கால் தரைக்குப் போக வேண்டும், மைனஸ் கால் மைனஸ் லைனுக்கு. பிளஸ் பக்கம் வைத்த பழக்கத்தில் இதையும் மைனஸ் காலைத் தரைக்குப் பார்த்து வைத்துவிட்டால் சற்று நேரத்தில் தலை உப்பி வெடிக்கும்.

அடுத்தது 7912. எழுத்து நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்க, 7812-இல் இடமிருந்து வலமாக இன்புட், தரை, அவுட்புட். 7912-இல் தரை, இன்புட், அவுட்புட். இரண்டையும் ஒரே மாதிரி வயர் செய்தால் மைனஸ் சப்ளை தரையோடு முட்டும். இதோடு இன்னொன்று: 7812-இன் உலோகத் தகடு தரை, 7912-இன் தகடு இன்புட். மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமல் இரண்டையும் ஒரே தகட்டில் முடுக்கக் கூடாது.

டிடிஏ2030-இன் தகடும் அப்படித்தான். அது 3-ஆம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு இணைந்தது. ஹீட் சிங்க் கேபினெட்டைத் தொட்டால் மைனஸ் சப்ளை தரையில் விழும். ‘ஸ்க்ரூ முடுக்கும்வரை பாடியது, முடுக்கியதும் பியூஸ் போனது’ என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மீட்டரை டிசியில் வைத்து, கருப்பு முனையைத் தரையில் நிறுத்தி அளங்கள். டிடிஏ2030-இன் 5-ஆம் காலில் பிளஸ் 16-ஐ ஒட்டி, 3-இல் மைனஸ் 16-ஐ ஒட்டி, 1, 2, 4-ஆம் கால்களில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 4-ஆம் கால்தான் ஸ்பீக்கருக்குப் போவது. அங்கே சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. பல வோல்ட் நின்றால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும். அப்படி நின்றால் 1-ஆம் காலிலிருந்து தரைக்குப் போகும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரில் சால்டர் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு ஐசியைச் சந்தேகியுங்கள். 4558-க்கு 8-ஆம் கால் பிளஸ் 12, 4-ஆம் கால் மைனஸ் 12, அவுட்புட்டான 1-உம் 7-உம் பூஜ்ஜியம்.

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லையா? ஸ்பீக்கரை மாட்டி, வால்யூமைப் பாதியில் வைத்து, அதன் நடுக்காலைச் சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியால் தொடுங்கள். விரல் அந்த உலோகத்தில் பட வேண்டும். ‘ம்ம்ம்’ என்று வந்தால் பவர் போர்டு உயிரோடு இருக்கிறது, குறை அதற்கு முன்னால். அப்படியே பின்னோக்கி 4558-இன் அவுட்புட், அதன் இன்புட், பாட்டு வயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட் என்று போங்கள். எந்த இடத்தில் தொட்டும் சத்தம் வரவில்லையோ, அதற்கும் முந்திய இடத்துக்கும் நடுவில்தான் வயர் விட்டிருக்கிறது. மெயின்ஸ் வயர்களை முதலில் டேப் சுற்றி மூடிவிட்டுத்தான் இந்த விரல் சோதனை.

ஹம்மிங்

வீட்டு செட்டைக் கட்டிவிட்டு வெறுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விட்டிருப்பார்கள். பொறுமையாகப் போகலாம்.

முதலில் காதால் பிரியுங்கள். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். காந்தப் புலத்தாலோ வயர் வழியாகவோ நேராக நுழைந்தால் அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று வரும். நாலு டயோடைக் கடந்து சப்ளை வழியாக வந்தால் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூராக ‘கிர்ர்’ என்று வரும். பிறகு வால்யூமைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள்.

பூஜ்ஜியத்திலும் மாறாமல் நின்றால் டோன் போர்டை மறந்துவிடலாம். சப்ளை, பவர் போர்டு, தரை மூன்றில் ஒன்று. கண்டென்சரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லைனிலிருந்து ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோஃபாரட் என்றால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய நாலரை வோல்ட், 4700 என்றால் இரண்டு வோல்ட். பழைய டிவியிலிருந்து கழற்றிய கண்டென்சர் உள்ளே வற்றிப்போயிருந்தால் மேலே எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பாட்டு ஓடும்போது ஹம்மிங் கூடி, நின்றதும் குறைந்தால் சந்தேகம் இதன் மேல்.

கண்டென்சர் நல்லது, இருந்தும் ‘கிர்ர்’ நிற்கவில்லை என்றால் தரை வயர். டிரான்ஸ்பார்மரின் நடு வயருக்கும் கண்டென்சர்கள் சேரும் இடத்துக்கும் நடுவில் ஓடுவது சீரான மின்சாரம் கிடையாது. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சில ஆம்பியர் துடிப்பாகப் பாயும். அந்த வயர் நூற்றில் ஒரு பங்கு ஓம் இருந்தாலும், 5 ஆம்பியர் துடிப்புக்கு 50 மில்லிவோல்ட் அதில் விழும். டோன் போர்டின் தரையை அந்த வயரின் நடுவில் எங்காவது ஒட்டியிருந்தால் அந்த 50 மில்லிவோல்ட்டையும் பாட்டு என்று நினைத்து டிடிஏ2030 பெருக்கும். 22 கிலோ ஓமும் 680 ஓமும் போட்ட வழக்கமான சுற்றில் பெருக்கம் 33 மடங்கு. ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஹம்மிங்.

நடு வயர் நேராகக் கண்டென்சர்கள் இரண்டும் சேரும் இடத்துக்கு வரட்டும். அங்கிருந்து தடித்த குட்டை வயரில் தனியாக ஒரு புள்ளி எடுங்கள். ஸ்பீக்கர்களின் தரை, பவர் போர்டுகளின் தரை, டோன் போர்டின் தரை எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கு வர வேண்டும். கேபினெட் தகடும் அங்கே ஒரே இடத்தில். ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குத் தரையைத் தாண்டவிட்டுப் போவதுதான் பாதி ஹம்மிங்குக்குக் காரணம்.

வால்யூமோடு ஏறி இறங்கி, பாஸைக் குறைத்தால் கூடவே குறைகிற ஹம்மிங் வேறு. அது டோன் போர்டிலோ அதற்கு முன்னாலோ நுழைகிறது. இன்புட் வயரைப் பிடுங்கிவிட்டு ஆர்சிஏ சாக்கெட்டின் நடு முனையைத் தரையோடு ஷார்ட் செய்யுங்கள். நின்றுவிட்டால் ஆம்ப்பின் மேல் குற்றமில்லை. போனைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பாருங்கள். செட் டாப் பாக்ஸிலிருந்து ஆடியோ எடுத்திருந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். தெருவெல்லாம் சுற்றி வரும் அந்த வயரின் உறை ஒரு தரை, உங்கள் ஆம்ப்பின் எர்த் இன்னொரு தரை. இரண்டும் சந்திக்கும் வட்டத்தில் ஹம்மிங் ஓடும். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உலோகக் கேபினெட் வைத்த செட்டில் அது தற்கொலைக்குச் சமம். ஆடியோ லைனில் சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வையுங்கள்.

ஷார்ட் செய்தும் நிற்கவில்லையா? குமிழின் உலோக உடலைத் தொடுங்கள். குறைந்தால் அந்த உடலைத் தரையோடு இணைக்க வேண்டும் என்று அர்த்தம். பாட் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) உடலில் ஈயம் எளிதில் ஒட்டாது, மணல்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள். ஷீல்டு வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் தரையிடுங்கள். கடைசியாக, டிரான்ஸ்பார்மரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாட்டு இல்லாமல், அதை மெல்லத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஒரு கோணத்தில் ஹம்மிங் அடங்கும். அங்கேயே முடுக்கிவிடுங்கள். 4558 போர்டை டிரான்ஸ்பார்மருக்கு எதிர் மூலையில் வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

ட்ரெபிளைக் கூட்டினால் கூடுகிற ‘கிரீச்’ மூன்றாவது வகை. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள், கூடவே மாறும். கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்ட உடனே வந்தாலும் இதே வகைதான். நாலு டயோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் வைத்தால் ஓரளவு அடங்கும். பம்புசெட் ஸ்டார்ட்டர் விழும்போது வரும் ஒற்றை ‘டப்’புக்கு மெயின்ஸ் நுழைவில் அதற்கென்றே செய்த எக்ஸ்2 வகைக் கண்டென்சர் உதவும். சாதாரணக் கண்டென்சரை அங்கே வைக்காதீர்கள்.

குமிழ் சொன்னபடி கேட்கவில்லை

டோனைச் சோதிக்கச் சினிமாப் பாட்டைவிட நாயனமும் தவிலும் வாசிக்கும் மல்லாரி ஒன்று போதும். தவிலின் தொப்பிப் பக்கம் குச்சி விழுவது பாஸ். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் நுனிச் சத்தம் ட்ரெபிள். நாயனம் நடுவில். பாஸைத் திருகினால் தொப்பி மட்டும் பெருக்க வேண்டும், ட்ரெபிளைத் திருகினால் வலந்தலையின் நுனி மட்டும் மினுங்க வேண்டும். இரண்டுக்கும் நாயனத்தின் உடல் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும்.

பாஸைத் திருகும்போது நாயனமே கூடிக் குறைந்தால் கண்டென்சர் மாறியிருக்கிறது. பாஸ் குமிழின் பாட்-உக்குக் குறுக்கே வரும் 0.047 மைக்ரோஃபாரட்டின் மேல் 473 என்று எழுதியிருக்கும். 472 என்பது 0.0047. பார்க்க ஒரே மாதிரி பச்சைப் பொட்டு. பக்கத்தில் 10 கிலோ ஓம் உள்ள சுற்றில் 473 போட்டால் குமிழின் ஆட்சி 340 ஹெர்ட்ஸ் பக்கம் முடிந்துவிடும். 472 போட்டால் 3400 வரை ஏறிப் பாடகர் குரல் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

திருகும் திசை தலைகீழா? பாட்-இன் இரண்டு ஓரக் கால்களின் வயரையும் மாற்றிப் போடுங்கள். நடுவில் வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தே கேட்கிறதா? பாட்-இன் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். நம் கடைகளில் கிடைப்பவற்றில் ‘பி’ என்றால் சீராக ஏறுவது, ‘ஏ’ என்றால் காதுக்கு ஏற்ப வளைந்து ஏறுவது. டோனுக்கு ‘பி’, வால்யூமுக்கு ‘ஏ’. வால்யூமில் ‘பி’ போட்டால் கால் சுற்றிலேயே முழுச் சத்தமும் வந்துவிட்டது போல இருக்கும்.

ஐசி இல்லாத டோன் போர்டு வாங்கியவர்கள் ‘சத்தம் செத்துப்போச்சு’ என்பார்கள். அது பழுதில்லை. அந்த வகைச் சுற்றில் குமிழ் நடுவில் நிற்கும்போது சிக்னல் பத்தில் ஒரு பங்காகத்தான் வெளியே வரும், அதை ஈடுகட்ட ஒரு பெருக்கி வேண்டும். 1952-இல் பீட்டர் பாக்ஸண்டால் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் எழுதிய சுற்று டோனைப் பெருக்கியின் பின்னூட்டத்துக்குள்ளேயே (அவுட்புட்டின் ஒரு பங்கு இன்புட்டுக்குத் திரும்பும் வழி) வைத்தது. நம் 4558 போர்டுகள் அதன் வாரிசுகள்தான். நடுவில் வைத்தால் போனதும் வந்ததும் சமம்.

அந்தச் சுற்றிலேயே ஒரு குணம் இருக்கிறது. பாஸ் பாட்-இன் நடுக்கால் வழியாகத்தான் ஐசியின் டிசி பின்னூட்டமும் போகிறது. அந்தத் தொடர்பு ஒரு கணம் விட்டாலும் 4558-இன் அவுட்புட் சப்ளை வரை பாய்ந்து, ஸ்பீக்கர் கோன் ‘டம்’ என்று குதிக்கும். ஆகவே ட்ரெபிள் கரகரத்தால் எரிச்சல், பாஸ் கரகரத்தால் ஸ்பீக்கருக்கே ஆபத்து. தை அறுவடையில் வீட்டுக்குள் நெல் தூசு நுழைந்த பிறகு இது கூடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து முழுச்சுற்று பலமுறை திருகுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற வைத்தியம் ஒரு வாரம் இனிக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பாஸ் என்ன திருகினாலும் ஏறவில்லை, ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாட்டினால் நன்றாக இருக்கிறது என்றால் டோன் போர்டைத் தொடாதீர்கள். ஒரு ஸ்பீக்கரின் வயர் தலைகீழ். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு, கோன் வெளியே வரும்போது பேட்டரியின் பிளஸ் எந்த முனையில் இருந்ததோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாஸை ஏற்றினால் உடைகிறது

இதைப் பழுது என்று கொண்டுவருகிறவர்களிடம் கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 16 வோல்ட் சப்ளையில் டிடிஏ2030 உச்சமாக 13 வோல்ட் வரை போகும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது பத்தரை வாட். பாஸை 12 டெசிபெல் ஏற்றினால் அந்த அலைவரிசைக்கு 16 மடங்கு வாட் தேவை. அதாவது பாடகர் குரல் முக்கால் வாட்டை எட்டும் முன்பே பாஸ் பத்தரையைத் தொட்டுவிடும். குமிழைப் பாதியில் நிறுத்துங்கள், அல்லது ஸ்பீக்கருக்கு ஒழுங்கான பெட்டி அடியுங்கள். பாஸ் குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பெட்டிதான் காரணம்.

குறைந்த சத்தத்திலேயே உடைந்தால் அது பழுது. கோனை விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள், காயில் உரசும் ஒலி வருகிறதா என்று. வரவில்லை என்றால் 7812, 7912 இரண்டில் ஒன்று சப்ளை தராமல் 4558 ஒற்றைக் காலில் நிற்கிறது.

பாட்டே இல்லை, ஐசி கொதிக்கிறது

காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் ஐசி தானே அலறிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் முனையிலிருந்து தரைக்குத் தொடராகப் போகும் 1 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட்டையும் பாருங்கள். அந்த 1 ஓம் கருகியிருந்தால் அதுவே சாட்சி. ‘இது எதுக்கு’ என்று அந்த ஜோடியையே விட்டுவிட்டவர்களும் உண்டு. 3, 5-ஆம் கால்களுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் தரைக்கு வர வேண்டும், ஒரு சாண் தள்ளி இருந்தால் இல்லாததற்குச் சமம். இன்புட் வயரும் ஸ்பீக்கர் வயரும் சேர்ந்து முறுக்கிப் போகக் கூடாது.

‘டுபு டுபு’ என்று மோட்டார் படகு போல வந்தால் அது மெதுவான அலறல். டோன் போர்டின் சப்ளையில் 100 மைக்ரோஃபாரட் இல்லை, அல்லது இருந்தும் செத்துவிட்டது.

பாட்டு அரை மணி ஓடி நின்று, ஆறியதும் தானே திரும்பினால் ஐசி தன்னைக் காத்துக்கொள்கிறது. ஹீட் சிங்க் போதவில்லை. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் காற்றே சூடாக இருக்கும், டிசம்பரில் போதுமாக இருந்த தகடு அப்போது போதாது.

ராத்திரியில் ஐசி சாகிறது

12-0-12 என்பது முழு லோடில், 230 வோல்ட்டில் வரும் எண். லோடு இல்லாமல் பதிமூன்றரை வரை வரலாம். ஊர் அடங்கி, லைனில் இழுப்பு குறைந்து, மெயின்ஸ் 250-ஐத் தொடும்போது அதுவும் ஏறி, டயோடு தாண்டிக் கண்டென்சரில் 20 வோல்ட் நிற்கும். டிடிஏ2030-இன் உச்ச வரம்பு 18. பகலில் பம்புசெட்டுகள் ஓடும்போது அளந்தவருக்கு இது தெரியாது, ஆகவே ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை அளங்கள். 22 வோல்ட் தாங்கும் டிடிஏ2030ஏ, அல்லது 25 தாங்கும் டிடிஏ2050 அதே கால் வரிசையில் உட்காரும். பெயரை அழித்து மேலே ‘ஏ’ அச்சடித்த ஐசிகளும் சந்தையில் உண்டு. எழுத்தை ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள், கரைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் கரகரப்பு, தையில் தானே சரியாகிவிட்டது என்றால் போர்டில் மிஞ்சிய ஃபிளக்ஸ் (சால்டர் வைக்கும்போது பூசும் பசை) ஈரத்தை இழுக்கிறது. 4558-இன் இன்புட் கால்களைச் சுற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். பாட், சாக்கெட் உள்ளே வார்னிஷ் போகாமல் டேப் ஒட்டுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஸ்பீக்கர் வயரின் செம்பு உறைக்குள்ளேயே பச்சை பூக்கும். அந்த நீளத்தை வெட்டி எறிந்து, பளபளக்கும் இடம்வரை உரித்து, ஈயம் பூசிய பிறகு முடுக்குங்கள். கேபினெட்டில் காற்றுக்கு விட்ட துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலை ஒட்டிவிட்டால் பல்லி முட்டையும் எறும்பும் டிரான்ஸ்பார்மர் சூட்டைத் தேடி வராது.

பின்னணியில் யாரோ பேசுகிறார்கள்

வால்யூமைக் கூட்டினால் திருச்சி வானொலி மெல்லக் கேட்கிறது என்றால் பேய் இல்லை. 936 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலையை நீளமான இன்புட் வயர் ஆன்டெனாவாகப் பிடித்துக்கொடுக்க, 4558 அதைப் பேச்சாகப் பிரித்துவிடுகிறது. சாக்கெட்டிலேயே 1 கிலோ ஓம் தொடராகவும், அதற்கப்புறம் 470 பிக்கோஃபாரட் தரைக்கும் வையுங்கள். கண்டென்சரின் மேல் 471 என்று இருக்கும். 340 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது தேயத் தொடங்கும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டீரியோ என்றால் இரண்டு சேனலுக்கும் வைக்க வேண்டும்.